முயல் கூண்டைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். உன் மனைவியும் சுகம். முயல்களும் சுகம்தான், இந்த வீட்டில் யார் நலம் விசாரித்தாலும் இப்போது அவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் என் தலையெழுத்து.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. கூடத்தில் நான் தும்மினால் அடுப்படியிலிருந்து அவள் வெந்நீர் கொண்டு வருகிறாள். சுவர் அந்த லட்சணத்தில் இருக்கிறது. இதை அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டும்.

ஒன்பது குட்டிகளில் நான்கு செத்துவிட்டன, அவளுக்குப் பொறுப்பு போதாது, மொட்டை மாடிக் கூண்டுகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். என் அபிப்பிராயம்தானே, சொல்கிறேன்.

முயலைப் போல ஓர் உதவாக்கரை ஜென்மத்தை நான் கண்டதில்லை. குரைக்காது, கூப்பிட்டால் திரும்பாது. பெரிய யோசனையில் இருப்பதுபோல மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். அதே முகத்தோடு எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தாயிற்று. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றால் வேறு கம்பெனி தேடுவதுதானே? உன் மனைவி முயல் வாங்கி வந்தாள். அதற்கு ஒரு நோட்டு வேறு. குட்டி பிறந்த தேதி, கண் திறந்த தேதி, வாராவாரம் எடை. குட்டியைத் தராசில் வைத்தபோது, இனி இதில் பருப்பு நிறுக்காதே என்றேன். “இது வேற தராசு மாமா” என்றாள். முயலுக்குத் தனித் தராசாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தத் தாய் முயல் இன்னும் மோசம். விடியற்காலையில் ஒரு தடவை குட்டிகளிடம் போகும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நான்கு நிமிஷம். பால் கொடுத்ததும் எதிர் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். பெற்றவளா இவள் என்று கேட்டேன். உன் மனைவி சிரித்தாள். முயல் ஜாதியே அப்படித்தான், அந்தப் பால் போதும், மூன்று வாரத்தில் குட்டிகள் தானாகப் புல் கடிக்கும், ஆனாலும் ஆறு வாரம் வரை தாயோடுதான் இருக்க வேண்டும் என்றாள். காய்ந்த புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கலாம், கடையில் விற்கிற பெல்லட் என்கிற உருண்டைத் தீவனம் கொஞ்சம், பச்சை இலை மட்டும் இப்போது கூடாது, குட்டி வயிறு தாங்காது என்றாள். முயலுக்கு இலை ஆகாதாம்! கீழே இறங்கி வந்து தனியாகச் சிரித்தேன்.

நாலாவது வாரத்தில் அவள் தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனாள். ஒரே ஒரு ராத்திரி. செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கூண்டில் கட்டிவிட்டுப் போனாள். எனக்கா எழுதி வைக்கிறாள் என்று அதை நான் படிக்கவில்லை.

மகனே, அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? சும்மா உட்கார்ந்திருக்கிற தாய் எதற்கு என்று அதைத் தூக்கி வேறு கூண்டில் போட்டேன். ஒரு தட்டில் ரொட்டியைப் பாலில் பிசைந்து வைத்தேன். அரை முட்டைக்கோஸை இலை இலையாக உரித்துப் போட்டேன். ஒன்பதும் சுற்றி நின்று தின்றன. ஒன்று என் விரலையும் சேர்த்து நக்கியது. அவள் நோட்டை மனசுக்குள் நாலாகக் கிழித்துப் போட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் வயிறு உப்பிப் பின்பக்கம் ஈரமாக இருந்தது. இரண்டு செத்துக் கிடந்தன. பத்து மணிக்கு அவள் வந்தாள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு போய்விட்டன.

வந்தவள் நேராகக் கூண்டுக்குப் போனாள். தட்டில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை எடுத்துப் பார்த்தாள், எறிந்தாள். இலைகளை எல்லாம் வாரினாள், கூண்டைக் கழுவித் துடைத்தாள், தாயைத் திரும்பவும் குட்டிகளோடு விட்டாள். காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். படிக்கட்டில் மரம்போல நின்றேன். “மாமா, அந்தப் புல்லுக்கட்டை இப்படி எடுங்க” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நீ கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. நாலு முயல் குட்டியைக் காப்பாற்றத் துப்பில்லை என்றாய். அவள், “நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எங்கே இருந்தேன் என்று கேள். கூடத்தில்தான் இருந்தேன். பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

டிப்போவில் லேட்டாக வந்து பொய்க் காரணம் சொல்கிற டிரைவர்களை நான் புழுவைப் போலப் பார்ப்பேன். அவர்களாவது ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள்.

மிச்ச ஐந்தும் பிழைத்துவிட்டன. போன வாரம்தான் பால் மறக்கடித்தாள். குட்டிகளை அவற்றின் கூண்டிலேயே விட்டுத் தாயை மட்டும் எடுத்தாள். தாயும் இல்லை, இடமும் புதுசு என்றால் பயந்துவிடுமாம். தீவனத்தையும் மாற்றவில்லை. இப்போதுதான் ஆளுக்கு ஒரு விரல் அளவு இலை கொடுக்கிறாள். மறுநாள் புழுக்கை கெட்டியாக இருந்தால்தான் அடுத்த இலை. அந்தப் புழுக்கையைக் குனிந்து பார்த்துச் சொல்கிற உத்தியோகம் எனக்கு. நூறு பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பியவனுக்குக் கிடைத்த பதவி உயர்வு.

ஆகவே கூண்டுகள் எங்கேயும் போகாது. முயல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். விசாரிக்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறாய்; யாரைக் குறை சொல்வது, நீ என் பிள்ளை.

தப்பு என்னுடையது என்று அவளிடம் ஒப்புக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை மாடி ஏறினேன். இரண்டு தடவையும் புழுக்கையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நீ கூப்பிட்டுச் சொல். அப்பாதான் செய்தார், எனக்குத் தெரியும் என்று சொல். அதெல்லாம் இல்லை என்று அவள் மறுப்பாள். நம்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். அவள் பேச்சைக் கேட்கிற புத்தி, எனக்கு வந்ததைவிடச் சீக்கிரமாக உனக்கு வரட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா