இருப்பவர்கள் பக்கத்து மெழுகுவர்த்தி

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்பு பரவாயில்லை, முழங்கால் மட்டும் மழை வருமுன்னே சொல்லிவிடுகிறது, நீயும் அங்கே க்ளூஜில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது என்னம்மா கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் என் தொண்டை என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், நீ உடனே சரிம்மா நான் வரேன் என்பாய், நான் சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு வைத்துவிடுவேன். புதன்கிழமை அப்படித்தான் ஆயிற்று. அதனால் எட்டாம் வகுப்போடு நின்ற இந்தக் கையால் எழுதி, சாயங்காலம் நேலுவின் மினிபஸ்ஸில் போகிற சாப்பாட்டுப் பெட்டியில் ஜாடிகளுக்கு மேலேயே வைத்து அனுப்புகிறேன். முதலில் இதைப் படி, பிறகு பெட்டியைப் பிரி. முட்டைக்கோஸ் இலையில் சுற்றின சர்மாலே ஆறிப்போனாலும் சுடவைத்துக்கொள்ளலாம், உன் கம்பெனிக்காரர்கள் நாளைக்கு மேல் காத்திருக்கமாட்டார்கள்.

புதன்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கோடை விடுமுறையில் வேலை பழகப்போன இடத்திலேயே உன்னை வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள், படிப்பு பாட்டுக்குப் படிப்பு, தினம் அரை நாள் வேலை, திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும் என்றாய். ஒரே மூச்சில், வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறேன் என்றும் சொன்னாய். வேலையும் வகுப்பும் வாரத்தைத் தின்றுவிட்டால் சனி ஞாயிறுதான் பாடத்துக்கு மிஞ்சும், வீட்டுக்கு வரமுடியாது, நீ தனியா உட்கார்ந்து அழுவே என்றாய். நான் உன் இஷ்டம் என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இந்த வாரம் வரமுடியாவிட்டாலும் இனி சனிக்கிழமை தோறும் வந்துவிடுவாள், அப்பா நாற்காலியில் உட்காருவாள், இரண்டு பேருமாய்க் கல்லறைக்குப் போய் வருவோம் என்று அப்போதே மாவு பிசைய உட்கார்ந்துவிட்டேன்.

உன் பரஸ்கீவா அத்தை வியாழக்கிழமை வந்தாள். அண்ணன் போனதிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து என் அடுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகிறாள், நல்ல மனசுதான், வாய்தான் மிளகாய். விஷயத்தைச் சொன்னேன். "அவன் மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள பொண்ணை வேலைக்கு அனுப்பிட்டு நீ யாரோட சாப்பிடப்போறே?" என்று கேட்டாள். அவள் பக்கத்து வீட்டுப் பையன் இப்படித்தான் கல்லூரியில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்ப் படிப்பைப் பாதியில் விட்டானாம், கம்பெனி மூடியதும் வேலையும் இல்லை பட்டமும் இல்லை என்று வந்து நிற்கிறானாம். அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை, என்ன பெரிய வேலை, அடுத்தவன் செஞ்சதுல ஓட்டை தேடுற வேலைதானே என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகளே, கருப்புத் துணி கட்டின பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், அவள் பயந்துபோனாள். ஏனென்றால் மாசி மாதம், நீ முதல் நேர்முகத்துக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, உன் அப்பா இதையேதான் என்னிடம் கேட்டார், அது என்ன வேலை என்று. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம் எங்கே உடையும் என்று முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்லவேண்டுமாம் என்றேன். அவர் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அட, வீட்டுல உங்கம்மாவும் நீயும் என்கிட்ட ஓட்டை தேடிப் பழகினதுக்கு இப்ப ஒருத்தன் கூப்பிட்டு வேலையே கொடுக்கிறானா" என்றார். நீ இங்கே இல்லை, ஆனாலும் உன்னிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்கப்புறம் மூன்று வாரம்கூட அவர் இல்லை.

அவர் உன் எதிரில் பெருமை பேசமாட்டார், உனக்குத் தெரியும். மரம் அறுக்கும் ஆலையில் அவரோடு லாரி ஓட்டினவர்கள் ஆறாம் மாத நினைவுப் பூசைக்கு வந்தார்களே, நீ பின்கட்டில் கொலிவாக் கோதுமை இனிப்பைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தாய், அவர்கள் என்னிடம் சொன்னார்கள், கவ்ரில் இருந்தவரை எங்களை நிம்மதியாகத் தின்னவிட்டதில்லை, என் மகள் கைவைக்காவிட்டால் க்ளூஜில் ஒரு விளக்கு எரியாது என்பான் என்று. நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அழுவாய் என்று பார்த்தேன். இப்போது சொல்கிறேன், அழுதுகொள், பரவாயில்லை.

இனி இன்றைக்குக் காலையில் நடந்ததைக் கேள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தோம். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி வைக்கிற தகரப்பெட்டி இருக்கிறதே, வலப்பக்கத் தட்டு இருப்பவர்களுக்கு, இடப்பக்கத் தட்டு போனவர்களுக்கு. அப்பாவுக்கு ஒன்று ஏற்றிவிட்டு, நாளைக்கு நீ பதில் சொல்லவேண்டிய நாளாயிற்றே, உன் மனசு கலங்காமல் இருக்கட்டும் என்று உனக்கும் ஒன்று ஏற்றி மணலில் ஊன்றினேன். எதிர்வீட்டு லெனுட்சா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "யாருக்குடி இது, வேத்தா?" என்றாள். என் ஸ்மரந்தாவுக்கு என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப ஏன்டி அவளைச் செத்தவங்க பக்கம் வச்சிருக்கே?" என்றாள்.

பார்த்தால் நீ அப்பாவுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கிறாய். வெறுங்கையால் பிடுங்கினேன், மெழுகு விரலில் ஒட்டிக்கொண்டது, அணைந்துவிடக்கூடாதே என்று தலைத்துணியால் காற்றை மறைத்துக்கொண்டு வலப்பக்கம் கொண்டுபோய் ஊன்றினேன். அணையவில்லை. முழுக்க எரிந்து முடிகிறவரை அங்கேயே நின்றேன். லெனுட்சாவும் நின்றாள், அடுப்பில் அவரைக்காய் வேகிறது, தீய்ந்துபோனால் உன் வீட்டுக்குத்தான் என் புருஷனைச் சாப்பிட அனுப்புவேன் என்று திட்டிக்கொண்டே நின்றாள். பாதிரியாரிடம் ஓடிப்போய் இதனால் பிள்ளைக்கு ஏதும் வருமா என்று கேட்டேன். அவர் சிரித்து, கடவுள் தட்டைப் பார்த்தா அம்மா ஆளைத் தெரிந்துகொள்கிறார் என்றார். கடவுளைப் பற்றி எனக்குப் பயமில்லை, மகளே. என் கையைப் பற்றித்தான் பயம். ஆறு மாதமாக அதற்கு ஒரு பக்கம்தான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். சனிக்கிழமை தோறும் உன்னை வரவழைத்து, அப்பா நாற்காலியில் உட்காரவைத்து, அவர் தட்டில் போட்டுக்கொடுத்து, கல்லறைக்குக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்புகிறேனே, அது மட்டும் எந்தப் பக்கம்? உனக்கு இருபது வயது. பேருந்தில் வரும்போது தூங்கிவழிந்துகொண்டு வருகிறாய், இங்கே வந்து ஒரு வார்த்தை உன் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை, நான் என்ன நினைப்பேனோ என்று.

ஆகவே நாளைக்குப் போய்ச் சரி என்று சொல். யோசிக்காதே, என்னைக் கேட்கப் போன் பண்ணாதே, சொல்லிவிட்டு அப்புறம் பண்ணு. ஆனால் ஒன்று, அரை நாள் என்று பேசினால் அரை நாள்தான். இன்னும் கொஞ்சம் இரு, பரீட்சை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், எங்கம்மா விடமாட்டாங்க என்று என் பேரைச் சொல். பட்டம் வாங்காமல் நீ வந்து நின்றால் பரஸ்கீவா அத்தைக்கு நான் எந்த முகத்தைக் காட்டுவது. தெரியாததைத் தெரியாது என்று கேள், வெட்கப்படாதே. சண்டை வந்தால் உன் அப்பா மாதிரி கதவைச் சாத்தாதே. கால்களை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

நான் என்ன செய்வேன் என்று கவலைப்படாதே. சனிக்கிழமை லெனுட்சாவோடு குடைமிளகாய் சுட்டுத் தோலுரிக்கப் போகிறேன், அவளுக்குப் பேச ஆள் வேண்டும், எனக்குக் கேட்கச் சத்தம் வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற எல்லாருக்கும் இன்று மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், என் மகள் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள் என்று. நீ வேண்டாம் என்று சொன்னால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன், அதையும் நினைத்துக்கொள். அப்பாவைப் பார்க்க நான் போய்க்கொள்கிறேன், நீ கிறிஸ்துமஸுக்கு வா, வந்து உன் நாற்காலியில் உட்கார்.

கடவுள் உன் கைக்கும் கண்ணுக்கும் தெளிவு கொடுக்கட்டும், நல்ல மனிதர்கள் நடுவே உன்னை வைக்கட்டும். சுட்ட குடைமிளகாயில் செய்த ஸகூஸ்கா ஜாடிகளைச் சீக்கிரம் காலி பண்ணி, மூடியோடு நேலுவிடம் கொடுத்துவிடு, மூடியைத் தொலைக்காதே. நீ வரவேண்டாம், ஜாடி காலியாக வந்தால் போதும். என் பிள்ளை அங்கே பசியெடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

இனிமேல் வலப்பக்கம் பார்த்தே வைக்கும்,
உன் அம்மா வேத்தா