அப்பா போட்ட தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறார், கரைத்துக் கொடுப்பதைக் குடிக்கிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா சேவை செய்யும் முன்னாள் ராணுவத்தினர் விடுதியில் ராணுவ லாரி ஓட்டிய டிரைவர் வெறிபிடித்து ஆடிவிட்டான். குண்டுவெடித்த லாரியிலிருந்து தப்பி வந்தவன், அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்தார். சமையற்காரர் அவன் முதுகுக்குப் பின்னால் அண்டாவைக் கை தவறிப் போட்டிருக்கிறார். அந்தச் சத்தம் போதாதா? இரும்புக் கரண்டியால் அடித்து அவர் கையை ஒடித்து, தலைமுடியைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய், உடைந்த பாட்டிலைக் கழுத்தில் வைத்துவிட்டான். வழியெல்லாம் ரத்தம். போலீஸ் துப்பாக்கியோடு வந்து கதவை உடைக்க நின்றது, உடைத்திருந்தால் இரண்டு பிணம். பெரியவர் வந்தா இவனை விடுறேன், ஆனா அவரே உள்ள வந்து தாழ்ப்பாள் போடணும் என்று கத்தினான், பெரியவர் என்றது அப்பாவைத்தான்.

உன் அப்பாவும் தாழ்ப்பாளும்! உனக்குத் தெரியாததா? பட்டாளத்தில் இருந்தபோது எதிரிகள் பிடித்துப்போய் இருட்டறையில் பூட்டி, உள்ளங்காலில் அடித்து, நகத்தைப் பிடுங்கி அனுப்பிய நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருப்பது தெரிய நீ குளியலறையில் தொண்டை கிழியப் பாடுவாயே, பாட்டு வாத்தியாரை மாத்துங்களேன் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாளே. நான் சொல்லும்வரை கதவைத் தொடாதீங்க என்று போலீஸிடம் சொல்லிவிட்டு அந்த மனுஷன் உள்ளே போனார். சமையற்காரரை வெளியே தள்ளினார். தன் கையாலேயே தாழ்ப்பாளைப் போட்டார், அவர் பின்னாலேயே ஓடிவந்து வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதற்குப்பிறகு கேட்டதெல்லாம் அடிச் சத்தம்தான். முன்பற்கள் போயின, விலா எலும்பு முறிந்தது, காது கிழிந்து தொங்கியது. பாவி மனுஷன் திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை, அவன் கை ஓயும்வரை கட்டிப்பிடித்தபடியே நின்றிருக்கிறார். கதவு திறந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், யார் ரத்தம் யார்மேல் என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வாயில் வந்தபடி திட்டினேன். நீ எப்போதும் சொல்வதையும் சொன்னேன், போதும் இந்தச் சேவை, மகளிடம் போய்விடலாம் என்று. வீங்கிய வாயோடு அவர் சொன்னார், அந்த இருட்டு ரூம்ல நான் கெடந்தப்ப அடிக்கிறவன் மட்டும்தான் உள்ள வந்தான், அடிக்காம ஒருத்தன் வந்து கூட உக்கார மாட்டானான்னு ஏங்கினேன், யாரும் வரல என்று. அந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். நீயும் அப்பா இந்தச் சேவையை விடும் பேச்சை எடுக்காதே. டிரைவர் இப்போது மனநல வார்டில் இருக்கிறான், அப்பா விலாவில் கட்டோடு அங்கேயும் போகிறார், சமையற்காரர் வீட்டுக்கும் போகிறார். அங்கே அவர் மனைவி நாற்காலிகூடப் போடுவதில்லை, அவள் கோபமும் நியாயம்தானே.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். லீவு கிடைத்ததும் வா, பல் போனதில் அப்பா பேச்சு காற்றாக வருகிறது, சிரித்துத் தொலைக்காதே. அங்கே போட்டாயிற்றே, இனி நம் குளியலறைக்கும் தாழ்ப்பாள் வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அது அவனுக்காகப் போட்டது, இங்க வேண்டாம் என்றுவிட்டார். அதனால் வரும்போது பாட்டை மறந்துவிடாதே.

உன் அம்மா