வாடகைக்கு வாங்கிய வீடு

அன்புள்ள மனைவிக்கு,

வாடகைக்கு விடவென்று நாம் வாங்கிய வீட்டைக் குடியிருந்தவர்கள் காலி செய்ததும், பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொள்ளப் போனாய். பெயிண்ட் காய்ந்து மாதக்கணக்காகிறது. நீ அங்கேயே இருக்கிறாய். நானும் ஏனென்று கேட்கவில்லை.

இன்று வரி விஷயமாக ஆடிட்டரைப் பார்த்தேன்.

"அந்த வீட்ல இப்ப யாரு சார் குடியிருக்காங்க?"

"என் மனைவி."

"வாடகை ஒழுங்கா தர்றாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. மேஜைமேல் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"சொந்த உபயோகம்னு போட்டுடறேன். ஆனா வாடகை வராத வீட்டுக்குப் பெயிண்ட், பராமரிப்புன்னு எதுவும் கழிக்க முடியாது சார்."

"பரவாயில்லை, போடுங்க."

"அடுத்த வருஷமாவது ஒரு வீட்டை வாடகைக்கு விடுவீங்களா? வீட்ல கேட்டுச் சொல்லுங்க."

அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். எனக்கு எதுவானாலும் ஒன்றுதான். எந்த வீட்டை விடலாம் என்று நீயே சொல். நான் இருக்கும் இந்த வீட்டை என்றால், நான் எங்கே வந்து இருப்பது என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்