எண்ணிக்கை நான்குதான்

மகளுக்கு,

போதும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய்.

குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் மாறுவதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவில் பாதி வீடுகளில் மீட்டர் முள் அசைவதே இல்லை, பிள்ளைகள் எல்லாம் உன்னைப் போல் பறந்துவிட்டார்கள், குடோன்கள் வந்த பக்கமோ அறைக்கு எட்டுப் பேர், எவ்வளவு திறந்துவிட்டாலும் தண்ணீர் போதவில்லை. எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேதாவி, ஊர் வளர்கிறது என்று பூரித்துப்போகிறான். உன் அறையையும் குடோனில் வேலை செய்யும் ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டேன், சும்மா கிடந்த அறைதானே. போன மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். அம்மா முந்திக்கொண்டு, "நாலு பேரும்மா, நாங்க ரெண்டு பேரு, பொண்ணு, மாப்பிள்ளை" என்றாள். நான் குறுக்கே புகுந்து, "பொண்ணு இங்க இல்ல, அவங்க வாடகைக்கு இருக்கறவங்க" என்றேன். வந்தவள் சிரித்துவிட்டு, "எப்படிப் பார்த்தாலும் நாலுதானே சார்" என்று எழுதிக்கொண்டு போனாள். "பெத்த பொண்ணையே கணக்குல இல்லாம பண்ணிட்டீங்களே" என்றதுதான் அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆறு வருஷமாக எட்டிப்பார்க்காதவளை இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னதற்கு எனக்கு இந்தத் தண்டனை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று உன் அறையில் குடியிருக்கும் அந்தப் பெண்ணை அம்மா "பாப்பா" என்று கூப்பிட்டாள், உன்னைக் கூப்பிடும் அதே இழுப்பு. அவளும் "என்னம்மா" என்று ஓடி வந்தாள். உன் கம்பளி இப்போது அவள் தோளில் இருக்கிறது. அம்மாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, பேதலித்திருந்தால் டாக்டரிடமாவது காட்டியிருப்பேன், தெரிந்தேதான் கூப்பிடுகிறாள். போனில் உன்னிடம் எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவாள், நம்பாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் போன ஊரை வந்தவர்கள் நிரப்பியது போலவே வீட்டுக்குள்ளும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. உன் மேல் உள்ள கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது, அதை நீ வந்தபிறகு வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் போதும், வா. அவர்களைக் காலி செய்யச் சொல்லமாட்டேன், சொன்னால் அம்மாவும் கூடவே கிளம்பிவிடுவாள், நீ கூடத்தில் படுத்துக்கொள்ளலாம்.

இருவரும் குறையில்லாமல் இருங்கள். இரவில் கார் ஓட்டவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். வாசலில் வந்து நின்றதும் அம்மாவைக் கூப்பிடு, என்னை அல்ல.

கீழே அப்பா என்று போட்டால் பழைய சண்டைக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவாய். எனக்குப் பதில் வேண்டாம், அவளுக்கு நீ வேண்டும். கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.