அக்காவின் பக்கவாட்டுப் படம்

மார்ச் 4, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் இன்று முப்பத்தோரு பேர். "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டியது.

சாயங்காலம் அக்கா வந்தாள். மேல்தட்டு டப்பா கைக்கு எட்டவில்லை. "உன் வீட்டு அலமாரி வளர்ந்துடுச்சுடி" என்றாள். வழக்கம்போல முதுகில் ஒரு குத்து வைத்து, "கூன் போடாதே, நிமிர்ந்து நில்லு" என்றேன். இரண்டு வருஷமாக இதே பல்லவி. அறுபத்தொரு வயதுக்காரியை மிரட்ட என்னை விட்டால் யார்?

மார்ச் 5

போன வருஷம் எட்டியதே அந்தத் தட்டு? மண்டைக்குள் குடைகிறது.

மார்ச் 6, வியாழன்

அவளை வரவழைத்து உயரம் அளந்தேன். முன்பு இருந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. "வயசானா சுருங்கத்தானே செய்யும்" என்றாள். நூலகத்தில் புத்தகம் அடுக்க நேரமாகிவிட்டதாம், கிளம்பிவிட்டாள்.

பழைய படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் இருமலுக்காக நானே பக்கவாட்டில் எடுத்த மார்புப் படம். நுரையீரல் சுத்தம், ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்கிறது. பின்னால், நடு முதுகில், ஓர் எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி. பட்டவர்த்தனமாக! டாக்டர் சீட்டில் இருமல் என்று இருந்தது, நுரையீரலைப் பார்த்தோம். அதோடு சரி.

அந்த முதுகிலா குத்தினேன்? பாவி நான்.

மார்ச் 7

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "மாதவிடாய் நின்னப்புறம் எலும்பு பலமிழந்து நிறைய பேருக்கு இப்படித்தான் நசுங்கும். விழவே வேண்டாம், குனிஞ்சு ஒரு பெட்டியைத் தூக்கினா போதும். முதுகுவலின்னு தைலம் தேய்ச்சுட்டுப் போயிடறாங்க" என்றார். அக்காவுக்குப் புதுப் படம் எடுத்தேன்.

இப்போது இரண்டு எலும்பு.

அன்றைக்கே பார்த்திருந்தால் இரண்டாவதைத் தடுத்திருக்கலாமா? "ஒருவேளை" என்றார்.

மார்ச் 8

மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. பழைய படத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம். சொல்லி என்ன ஆகப்போகிறது — சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, எனக்காகவா?

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவும் நீ எடுத்ததுதானே?"

"ஆமாக்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 14

அக்கா போனை எடுக்கமாட்டேன் என்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பது தாண்டிய பெண்களின் பழைய படங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். இருமல், காய்ச்சல், எதற்கு வந்தவர்களானாலும் சரி. நாற்பது பார்த்ததில் ஐந்து பேருக்கு நசுங்கிய எலும்பு. டாக்டரம்மா ஐவரையும் கூப்பிடச் சொன்னார். ஒருத்தி போனிலேயே சண்டைக்கு வந்தாள்: "எனக்கு ஒண்ணும் வலிக்கலையேம்மா!"

மார்ச் 21, வெள்ளி

அக்கா வந்தாள். கூடவே நூலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், டாக்டரம்மாவின் சீட்டோடு. என் முகத்தைப் பார்க்காமல் அவர்களிடம் சொன்னாள்: "என் தங்கச்சி. படம் நல்லா எடுப்பா. எடுத்ததைப் பார்க்கத்தான் தெரியாது. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. முதல் பெண்ணைப் பக்கவாட்டில் நிற்க வைத்தேன்.

முதல் படம் திரையில் வந்ததும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கீழேர்ந்து ஒவ்வொரு எலும்பா எண்ணு" என்றாள்.

எண்ணினேன்.