பரலுக்குள் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர்

04.06.2025
இன்று என் மானம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் போனது. அமைச்சிலிருந்து கோபிசங்கர் என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தார். நெடுந்தீவிலேயே எங்கள் கிணறுதான் நல்ல கிணறு என்று அளந்துகொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்தவர், “அண்ணை, நீங்கள் தேத்தண்ணிக்கும் உப்புப் போடுறனீங்களோ?” என்றார். குசினிக்குள் என் மனுசி கிறேசம்மா சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

தண்ணீரில் உப்பெடுக்கும் மெசினை அரசாங்கம் நேரே வாங்கவில்லையாம். எங்கள் உவர்த்தண்ணீரையே போட்டிக்கு விட்டிருக்கிறதாம். யாருடைய மெசின் ஆறு மாதம் நல்ல தண்ணீர் தருகிறதோ, அதை எல்லாத் தீவுக்கும் எடுப்பார்களாம். ‘புத்தாக்கம்’ என்று பெயர். இங்கே வரும் மெசினுக்குப் பொறுப்பு என் மகள் நிலுஜா. தகப்பன் ஓ.எல். சோதனையில் கணக்குக்கு இரண்டு தரம் பெயில்.

20.06.2025
மெசினைக் கொண்டுவந்து பூட்டியாயிற்று. நல்ல தண்ணீர் பிடித்துவைக்க வீட்டுக்கு வீடு ஒரு நீலப் பரல், உள்ளே உப்பு அளக்கும் மானி. கிறேசம்மா இனி தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரிசையில் வாளியோடு நிற்கத் தேவையில்லை.

28.06.2025
இந்தத் தண்ணீரில் ஒரு ருசியும் இல்லை. தேத்தண்ணி சாயம் போட்ட சுடுதண்ணி.

01.07.2025
ஒவ்வொரு தரமும் கேத்திலில் கிணற்றுத் தண்ணீர் கலக்க இந்தச் சோம்பேறிக்குப் பஞ்சி. பரலுக்குள்ளேயே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இப்போதுதான் தேத்தண்ணி!

22.07.2025
நிலுஜா சாப்பிடவில்லை. வீடுகளில் மானி உப்புக் காட்டுகிறதாம். “மெசின் சரியில்லையெண்டு கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள், அப்பா.” நான் சோற்றைப் பார்த்தபடி இருந்தேன். மானி மானியின் வேலையைச் செய்யும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? பெயில் ஆனவன் பெயில் ஆனவன்தான்.

23.07.2025
சொல்லத்தான் எழும்பினேன். அதற்குள் கிறேசம்மா: “இஞ்சேருங்கோ, மெசின் சரிவந்தா இவளைக் கொழும்புக்கு எடுக்கினமாம். மற்ற இடங்களுக்கும் இவள்தான் கொண்டுபோக வேணுமாம்.”
ஒரே பிள்ளை. திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.

24.07.2025
இருந்தபடிதான்.

06.08.2025
மெசினைச் சோதிக்க நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் பவுசர். கிறேசம்மா வெயிலில் வரிசையில். நான் பூவரச நிழலில் — உண்மை தெரிந்த மனுசன்!

07.08.2025
கூட்டம். “இந்த மெசினை விலக்கவேண்டி வரும்” என்றார் கோபிசங்கர். என் கால்கள் என்னைக் கேட்காமலே எழும்பின. “சேர், மெசின்ல பிழையில்லை. தேத்தண்ணி ருசிக்கேல்லையெண்டு நான்தான் கிணத்துத் தண்ணி ஊத்தினனான்.”
பிறகு பின் கதிரையிலிருந்து பக்கத்து வீட்டு அருளப்பு அண்ணை: “நானும் ஊத்தினனான். நீர் மட்டும் பேரெடுக்கப் பாக்காதையும்!” அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது.
கோபிசங்கர் சிரித்துச் சிரித்து எழுதினார்: போட்டியில் இனி ருசியும் பார்ப்பார்களாம். மெசின் கொஞ்சம் உப்பை விட்டுவைக்குமாம். நிலுஜா “அப்பா!” என்றாள். அவ்வளவுதான்.

12.01.2026
எங்கள் மெசின்தான் தெரிவாயிற்று. காலையில் மாவிலித்துறையில் நிலுஜாவைப் படகேற்றினோம். பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.
“கிணத்துத் தண்ணியே, அப்பா?”
“ஓம்.”
“திருந்தமாட்டியள்.”
“ஏலாது, பிள்ளை.”
கயிற்றை அவிழ்த்தார்கள். கவனமாகப் போய்வரச் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் கூட்டத்தில் வந்த வாய், இறங்குதுறையில் வரவில்லை. ‘நில், பிள்ளை’ — அவ்வளவுதான் இருந்தது சொல்ல.