நீல மூடிக் களிம்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகம், அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதைத் தவிர வீட்டில் ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மனசில் கவலை இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுத வேண்டும், ஆனால் நான் அப்படி நம்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள், மெசேஜ் என்றால் நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் படித்துப் பதிலும் போட்டிருப்பாள். ஆகவே டிரைவிங் ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். அடுத்து வண்டி ஓட்டிப் பழக வரவேண்டியவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயில் தைரியமாகக் கை விடுகிற மனிதர், ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் வியர்த்துக் கொட்டிவிடும், அதனால் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். எனக்கு அவசரம் இல்லை.

தம்பி கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது, அவனுக்குத் தைத்த கோட்டு தோளில் பிடிக்கிறது, தையல்காரர் தோளைத்தான் குறை சொல்கிறார். உனக்கு லீவு கிடைக்காது என்று நீ சொன்னதைத் தம்பி முழுசாக நம்பிவிட்டான், அம்மா பாதி நம்பினாள், நான் துளியும் நம்பவில்லை. கேமரா கெட்டுப்போய்விட்டது என்று நீ வீடியோ காலை நிறுத்தியதையும் நம்பவில்லை. போன வாரம் அம்மாவிடம் நீ பேசியபோது பக்கத்தில்தான் இருந்தேன். "இந்த மருந்து ஆராய்ச்சியெல்லாம் சும்மா கண்துடைப்பும்மா, யாருக்கும் எதுவும் கேக்காது, பேசாம நிறுத்திடு"ன்னு நீ சொன்னாய். நீ சொன்ன விதம்தான் என்னை உறுத்தியது. பேப்பரில் படித்து யாரும் அவ்வளவு கசப்பாகப் பேசமாட்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். அம்மா தலையில் புழுவெட்டு விழுந்து இரண்டு பக்கமும் வட்டம் வட்டமாக முடி கொட்டியபோது, தோல் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சேர்ந்தாள் அல்லவா. தலையின் இடது பக்கத்துக்கு நீல மூடி போட்ட டியூப், வலது பக்கத்துக்கு வெள்ளை மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்து கலக்காத வெறும் களிம்பு, எதில் எது என்று தடவுகிறவளுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அப்போதுதான் மனசு எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் உன் அம்மாவை அப்போது சரியாக அறிந்திருக்கவில்லை. முதல் நாள் தடவியதுமே "நீலம் எரியுது, எரிஞ்சாதான் மருந்து, வெள்ளை வெறும் வெண்ணெய்" என்று ஒரே போடாகப் போட்டாள். நானும் தலையாட்டினேன், தம்பியும் ஆமாம் என்றான், நீ லீவில் வந்திருந்தபோது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் உனக்கும் அதையே விளக்கமாகச் சொன்னாள். பிறகு வலது பக்கத்தில் பூனை முடி மாதிரி வெள்ளையாக முளைக்க ஆரம்பித்தபோதும் அம்மா அசரவில்லை. இடது பக்கம் தடவிய மருந்து உள்ளே இறங்கி வலது பக்கம் போய் வேலை செய்கிறது என்றாள். இதை ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள், டாக்டரம்மா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு தடவை போகும்போதும் மிச்சமிருக்கும் டியூப்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நர்ஸ் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் வைத்து எடை பார்ப்பாள், ஒழுங்காகத் தடவினார்களா என்று தெரிந்துகொள்ள. நீ ஊருக்குப் போனபிறகு நாங்கள் போன தடவை, வெள்ளை மூடி சரியான எடை, நீல மூடி ரொம்பவும் குறைவு. நர்ஸ் மறுபடி வைத்துப் பார்த்தாள். "அம்மா, வீட்டுல வேற யாராச்சும் இத தடவுறாங்களா"ன்னு கேட்டுவிட்டு, கேட்ட வாயோடு என் தலையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி வரைக்கும் பார்த்தார். என் தலையில் காதுக்கு மேலே இருக்கிற சொச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்பது ஊரறிந்த சங்கதி, அதைப் பற்றி நான் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை, சோப்பு மிச்சம் என்றுதான் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த அறையில் சந்தேகப்பட வேறு ஆள் கிடையாது. ஆமாம், நான்தான் தடவினேன் என்று ஒப்புக்கொண்டேன். உடனே என்னை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் பட்டை கட்டி, முன்னால் பின்னால் பக்கவாட்டில் எல்லாம் படம் எடுத்தார்கள், லென்ஸ் வைத்து முளைத்திருக்கிறதா என்று தேடினார்கள். இந்த ஆராய்ச்சியிலேயே இவ்வளவு தெளிவாகப் படம் விழுந்த தலை இதுதான் என்றாள் நர்ஸ். அம்மா வீடு வந்து சேர்ந்ததும் "இந்த வயசுல முடி வளத்து யாருக்கு மாப்பிள்ளையாகப் போறீங்க"ன்னு ஆரம்பித்தாள், இன்னும் முடிக்கவில்லை. சித்திக்குச் சொன்னாள், சித்தி வழியாக ஊரெல்லாம் போய் என் மானம் கப்பலேறியது. உன் சித்தப்பா தனியாக எனக்குப் போன் பண்ணி, மிச்சம் இருந்தால் எனக்கும் கொஞ்சம் எடுத்து வை என்றார்.

நான் தடவவில்லை கண்ணு. அது உனக்கும் தெரியும். உன்னை ஸ்டேஷனில் விடப் போன அன்று, கை மறந்திருக்கும், நீயே ஓட்டு என்று இதே வண்டியை உன்னிடம் கொடுத்தேன், பாவம் இதில் ஏசி வேலை செய்வதில்லை, ஜன்னலை இறக்கித்தான் ஓட்டினாய். காற்றில் முடி ஒதுங்கியபோது காதுக்குப் பின்னால் பெரிய வட்டமாக ஒன்று, அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று பார்த்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு, எனக்குத் தப்பாது. வந்திருந்த நாளெல்லாம் அம்மா தலை வாரிவிடுகிறேன் என்று கூப்பிட்டும் நீ பக்கத்தில் போகாதது அப்போதுதான் புரிந்தது. சிக்னலில் நின்றபோது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன், நீ கிளட்சை நன்றாக விடுகிறாய் என்று மட்டும் சொன்னேன். உனக்கே சொல்லத் தோன்றும்போது சொல்வாய் என்று நினைத்தேன், நீ சொல்லவில்லை. தராசு சொல்லிவிட்டது.

அம்மாவுக்கு ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தன்னிடமிருந்துதான் உனக்கு வந்தது என்று அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவாள், அதைப் பார்க்க உன்னால் ஆகாது, என்னாலும் ஆகாது, அதனால்தான் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன், அங்கே இடமும் நிறைய இருந்தது. ஆனால் டாக்டரம்மாவை ஏமாற்ற முடியவில்லை. அம்மாவை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, நெஜமாவே நீங்கதானா? சின்ன வயசுப் பொண்ணு யாராவது தடவியிருந்தா நான் தெரிஞ்சுக்கணும், நாளைக்குக் கர்ப்பம் கிர்ப்பம்னா ஆபத்து"ன்னு கேட்டார். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை, சொல்லிவிட்டேன். உன் பெயரைக் கேட்கவில்லை, வீட்டில் இன்னொருவர் என்று மட்டும் குறித்துக்கொண்டார். அம்மாவைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்தேன், அவள் பங்குக்கு ஒழுங்காகத் தடவியிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டார்கள். என் படங்களைத்தான் நீக்கிவிட்டார்கள், அதில் கொஞ்சம் வருத்தம்தான். இது ஒட்டிக்கொள்கிற வியாதி கிடையாது, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம், வராமலும் போகலாம், யார் பேரிலும் குற்றம் கிடையாது என்று டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அம்மாவுக்கும் இதே வார்த்தையைச் சொல்ல அவர் தயாராக இருக்கிறார், நீ சரி என்றால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், பல் டாக்டர் தெருமுனையில் தெரிகிறார். சோதனை முடிந்து, அதுவரை ரகசியமாக வைத்திருந்த விவரத்தை முந்தாநாள் பிரித்து, வந்திருந்த எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, யார் எதைத் தடவினார்கள் என்று சொன்னார்கள். அம்மாவுக்கு வெள்ளை மூடிதான் மருந்து. நீல மூடியில் மருந்தே கிடையாது. பின்னே ஏன் எரிந்தது என்று அம்மா சண்டைக்குப் போனாள். இடது பக்கத்தை முன்னாலேயே சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்திருக்கிறாள், அப்புறம் இதுதான் மருந்து என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறாள், எரிச்சலெல்லாம் அவள் கைவண்ணம். அவள் அங்கே வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டு விஞ்ஞானத்தை நம்பி நீயும் நீல மூடி டியூபிலிருந்துதானே பிதுக்கி எடுத்துப் போனாய். எரிகிறதா எரிகிறதா என்று காத்திருந்திருப்பாய். ஒன்றும் நடக்கவில்லை என்றதும், அம்மாவுக்குக் கேட்கிற மருந்து எனக்குக் கேட்கவில்லை, இனி எதுவும் கேட்காது என்று முடிவு கட்டி, கேமராவை மூடி, தம்பி கல்யாணத்தையும் வேண்டாம் என்று வைத்துவிட்டாய். உனக்கு மருந்து கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது கண்ணு, நீ இன்னும் மருந்து தடவவே இல்லை.

சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை, சத்தியம் பண்ண முடியாது என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார், நானும் அதற்கு மேல் சொல்லமாட்டேன். அங்கேயே ஒரு நல்ல தோல் டாக்டரைப் போய்ப் பார், வீட்டிலிருந்து எதையும் எடுத்துத் தடவாதே, சித்தப்பாவுக்கும் இதையேதான் சொன்னேன். தலையை மூடிக்கொண்டு வந்தாலும் சரி, மொட்டையாக வந்தாலும் சரி, தம்பி கல்யாணத்துக்கு வந்துவிடு, குடும்பப் படத்தில் என் பக்கத்தில் நின்றால் உன்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மனசு தெளிந்து, உடம்பு தேறி, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். மறக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அம்மாவிடம் நீயாகச் சொல்கிற வரைக்கும் திருடன் நான்தான், அவசரமில்லை, எனக்குப் பழகிவிட்டது.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா